தக்ளியிலிருந்து செயலிவரை: ஆசிரியப் பயிற்சியும் கருவியின் அரசியலும்

1

ஒரு ரெக்கார்டு நோட்டிலிருந்து தொடங்கலாம். கவிதையையும் நாவலையும் மட்டுமே பிரதி என்று நம்பி வந்த காலம் போய்விட்டது என்று நாமே பல பக்கங்கள் எழுதியிருக்கிறோம். எழுதியதோடு சரி. ரேஷன் அட்டையை, பாடத்திட்டத்தை, பயிற்சிக் கையேட்டை எடுத்து வைத்து யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

சோழபுரத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பெயர் வேண்டாம். படிப்பது ஒரு தனியார் கல்லூரி. அதன் பெயரும் வேண்டாம். அப்பாவுக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் ஷிப்டு வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். அவளுடைய தொழில்நுட்பத் தாளுக்கான ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பவர்பாயிண்ட் பக்கங்கள் கலரில் அச்செடுத்து ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே நோக்கம், செய்முறை, முடிவு. ரசாயன ஆய்வக ரெக்கார்டில் இருக்குமே, அதே அச்சு.

"நல்லாப் பண்ணியிருக்கியேம்மா" என்றேன்.

"நான் எங்கண்ணே பண்ணேன்? ஜெராக்ஸ் கடையிலேயே எல்லாம் ரெடியா வச்சிருக்காங்க. பேரையும் ரோல் நம்பரையும் மாத்துனாப் போதும். எங்க செட்டுல முக்காவாசிப் பேரு நோட்டு இதுதான்."

இதை ஒரு மாணவியின் ஏமாற்று என்று வாசிப்பது எளிது. கல்லூரியின் மோசடி என்று வாசிப்பதும் எளிதுதான். எனக்கென்னவோ அந்த ஜெராக்ஸ் கடைக்காரர்தான் இந்தப் பாடத்திட்டத்தின் மிகச் சரியான வாசகர் என்று தோன்றுகிறது. கேட்கப்படுவது எதுவோ அதை அவர் துல்லியமாகப் புரிந்துகொண்டிருக்கிறார். கேட்கப்படுவது சிந்தனை அல்ல, சான்று.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட விதிமுறைகள், அதுவரை ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கின. 2015இலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் தொழில்திறன் வளர்ப்பதற்கென்று நான்கு தாள்களை அப்போது வகுத்தார்கள். பிரதிகளை வாசித்தலும் அவை குறித்துச் சிந்தித்தலும் ஒன்று. நாடகமும் கலையும் இன்னொன்று. தன்னை அறிதல் மற்றொன்று. இவற்றோடு 'தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் பற்றிய விமர்சனபூர்வமான புரிதல்'. தலைப்பைத் திரும்பவும் வாசியுங்கள். 'தொழில்நுட்பப் பயிற்சி' என்று அதில் இல்லை. 'விமர்சனபூர்வமான புரிதல்' என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தில்லியில் யாரோ போராடித்தான் உள்ளே வைத்திருக்க வேண்டும். சோழபுரத்துக்கு வந்து சேரும்போது அந்தச் சொல் மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. வந்தது பவர்பாயிண்ட்.

இந்தச் சொல் எப்படிக் காணாமல் போனது என்பதுதான் என் கேள்வி. கவனக்குறைவால் போனதாக நான் நினைக்கவில்லை. கருவி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த ஒவ்வொரு தடவையும் இதே சொல் வெளியேற்றப்பட்டிருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

2

இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் 'கல்வித் தொழில்நுட்ப'த்தின் பழைய அத்தியாயம் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது. 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிக் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். காகிதச் செலவில்லை, மைச் செலவில்லை. அதைத் தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. பெல் என்ன செய்தார்? எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற முறை இப்படி உருவாயிற்று. 1797இல் லண்டனில் இதைப் பற்றி பெல் ஒரு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அது பரவியது. லங்காஸ்டர் என்பவர் அங்கே இதேபோன்ற முறை ஒன்றை நடத்திவந்தார். ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் ஒழுங்குபடுத்தப்பட்ட உடல்களைப் பற்றிப் பேசும்போது உதாரணம் காட்டுவது இந்த வகைப் பள்ளிகளைத்தான்: மணியடித்தால் எழுவது, சைகை காட்டினால் எழுதுவது.

நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போன கதை என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் வேறொன்றைப் பார்க்கிறேன். கருவி வந்தபோது ஆசிரியர் மறுத்தார்; மறுத்த ஆசிரியரை விலக்கிவிட்டுக் கருவி முன்னே போனது. அவர் ஏன் மறுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவேளை வெறும் சோம்பலாக இருக்கலாம். 'நேட்டிவ்' பழக்கம் என்ற இளக்காரமாகவும் இருக்கலாம். ஆனால் கேள்வியே எழவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் அந்த முறையின் கவர்ச்சி. இன்று சைதாப்பேட்டையில் இருக்கிற ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் 1856. ஆக, ஆசிரியரைக் குறைத்துச் சமாளிக்கும் முறை சென்னையில் உருவாகி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் அந்தக் கல்லூரி வருகிறது. இந்த வரிசைமுறையை மறக்கக் கூடாது.

3

அடுத்த கருவி நம் பக்கத்துக் கருவி: தக்ளி. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடு காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தை ஏற்றது. ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. கைத்தொழில் வழியாக எல்லாப் பாடங்களும் என்பது கொள்கை. சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் பயிற்சிப் பள்ளிகள் பல ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. வாத்தியாராகப் போகிறவர் நூற்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிக்குள் ஒரு தொழில்நுட்பத்தைக் கொள்கையளவில் முழுமையாக 'ஒருங்கிணைத்த' முதல் பெரிய முயற்சி இதுதான். அந்த வாத்தியார்களிடம் படித்த பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். தக்ளி என்றதும் சிரிக்கிறார்கள். "நூல் அந்தாக்குல அந்துக்கிட்டே இருக்கும். வாத்தியாரு கடையில நூலு வாங்கிக் கணக்குக் காட்டுவாரு." ஜெராக்ஸ் கடையின் தாத்தா அந்த நூல் கடை.

இராஜபாளையத்தில் இருந்துகொண்டு தக்ளியைப் பற்றி யோசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. இங்கே பெரிய நூற்பாலை தொடங்கியது 1936இல். வார்தா மாநாடு அதற்கு அடுத்த ஆண்டு. ஆலைக்குள் ஆயிரக்கணக்கான கதிர்கள் சுற்ற, வெளியே பள்ளிக்கூடத்தில் ஒற்றைக் கதிர் சுற்றியது. இந்த ஊர்க்காரரான குமாரசாமி ராஜா, 1949இலிருந்து 1952வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிக்குத் தலைமை தாங்கிய காந்தியவாதி, தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அந்தத் தலைமுறையின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஆலையில் சுற்றும் கதிருக்கும் வகுப்பறையில் சுற்றும் கதிருக்கும் என்ன உறவு என்ற கேள்வியை அந்தப் பயிற்சிப் பள்ளிகள் கேட்க வைத்தனவா? நூற்கக் கற்றுக்கொடுத்தன. நூலின் அரசியலைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் 1953இல் ராஜாஜியின் திட்டம் வந்தது. பள்ளி மூன்று மணி நேரம். மிச்ச நேரம் வீட்டுத் தொழில். 'அப்பன் தொழிலைப் பாரு' என்பதுதான் அதன் எளிய தமிழ். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டபோது அந்தப் பெயரே ஒரு விமர்சனமாக இருந்தது. 1954இல் காமராசர், விருதுநகர்க்காரர், முதலமைச்சரானார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழில் என்ற 'நடுநிலையான' கருவிக்குள் சாதி ஒளிந்திருந்ததைக் கண்டு சொன்னவர்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் இல்லை. தெருவில் இருந்தார்கள். பயிற்சிப் பள்ளி தக்ளியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

4

இப்போது செயலிகளின் காலம். 2018இலிருந்து தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் க்யூஆர் குறியீட்டோடு வந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. மாணவர் விவரமெல்லாம் எமிஸ் என்ற தகவல் தொகுப்பில் ஏறுகிறது. வருகைப் பதிவும் செயலி வழியாகத்தான். பாடம் நடத்துகிற நேரத்தை எமிஸ் பதிவு தின்றுவிடுகிறது, எங்களை அதிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை போராடியிருக்கின்றன. இதில் ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். பி.எட். பாடத்திட்டம் பயிற்சி தருவது பவர்பாயிண்டில். பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் ஆசிரியர் எதிர்கொள்வது தகவல் பதிவை. இந்தத் தகவலை யார் பார்க்கிறார்கள், இதில் குழந்தையின் சாதி எதற்காகப் பதிவாகிறது, உதவித்தொகைக்கு அது தேவை என்றால் வேறெதற்கு அது பயன்படக் கூடாது, தப்பாக ஏறியதை யார் திருத்துவது—இவற்றில் எதற்கும் அந்த ரெக்கார்டு நோட்டில் இடமில்லை.

மேலைநாட்டுக் கல்வியாளர்கள் இதை யோசிக்காமல் இல்லை. 1986இல் லீ ஷுல்மன், பாடப்பொருளை அறிவது வேறு, அந்தப் பாடத்தைக் கற்பிக்க அறிவது வேறு, இரண்டும் கலந்த ஓர் அறிவே ஆசிரியருடையது என்றார். 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அதோடு தொழில்நுட்ப அறிவைச் சேர்த்தார்கள். கருவியைத் தனியாகக் கற்பிக்காதே, இந்தப் பாடத்துக்கு, இந்தப் பிள்ளைக்கு, இந்தக் கருவி எதற்கு என்று கேட்கக் கற்பி என்பது சாரம். பயனுள்ள கருத்து, நம் கல்லூரிகளில் கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் ஆகியிருக்கும். ஆனால் அந்த மூன்று வட்டங்களின் படத்தில் நம் வகுப்பறை முழுதாக அடங்காது. ஏனென்றால் நம் வகுப்பறையில் நான்காவதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கே எதிராக ஒரு வாதத்தை வைத்தாக வேண்டும். ஆசிரியரை ஏதோ களங்கமற்ற மனிதர் போலவும், கருவி வந்து அவரைக் கெடுப்பது போலவும் இதுவரை எழுதிவிட்டேன். எந்த ஆசிரியர்? பேர் சொல்லிக் கூப்பிடாமல் சாதி சொல்லிக் கூப்பிட்டவரா? கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளைகளை அனுப்பலாம் என்று சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தவரா? சேரியிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு, அவள் முகத்தைப் பார்க்காத, ஊரைக் கேட்காத ஒரு வீடியோப் பாடம் விடுதலையாகக்கூட இருக்கலாம். வீடியோ முறைக்காது. தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைக்காது. இதை ஒரு தலித் நண்பர் என்னிடம் சொன்னபோது பதிலில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஆசிரியப் பயிற்சியின் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாதி ஆசிரியரிடமிருந்து தப்பிக்க வீடியோ உதவலாம். சாதி மாணவனிடமிருந்து, சாதி ஊரிலிருந்து தப்பிக்க உதவாது. அந்த இடத்தில் ஒரு மனிதர் எழுந்து நின்றாக வேண்டும். நிற்கத் தெரிந்த மனிதரை உருவாக்குவதுதான் பயிற்சி. ஆக, கருவியா ஆசிரியரா என்பது பொய்யான எதிர்வு. கேள்வி இதுதான்: கருவியைக் கையில் எடுக்கும் ஆசிரியர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? மேலே இருக்கும் அலுவலகத்துக்கா, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கா?

5

இன்னொரு மாதிரி நடந்ததும் உண்டு. அதுவும் இதே தமிழ்நாட்டில்தான்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். கற்பிக்கப் போனவர்கள் பி.எட். படித்தவர்கள் அல்ல, ஊர்ப் பெண்கள், இளைஞர்கள், தொண்டர்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பெண் தொண்டர் எப்படிப் போவது? பஸ் இல்லை. ஆண் வந்து கூட்டிப்போனால்தான் உண்டு. அங்கேதான் சைக்கிள் வந்தது. எழுத்துக் கற்பதோடு சைக்கிள் ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியாயிற்று. சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் ஏற்பாடு செய்யப்பட்டது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசினார்கள், அசிங்கமாகவும் பேசினார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இது எனக்கு வெறும் பெண் விடுதலைச் செய்தி அல்ல. கற்பிப்பவரின் பயிற்சிக்குள் ஒரு தொழில்நுட்பம் உண்மையாகவே ஒருங்கிணைந்த நிகழ்ச்சி. என்ன வித்தியாசம்? தக்ளி மேலிருந்து வந்த கொள்கை. கற்பிப்பவரின் எந்தத் தேவைக்கும் அது பதிலாகவில்லை. சைக்கிள் அவருடைய தடையிலிருந்து வந்தது. எமிஸ் கற்பிப்பவரை ஒரே இடத்தில் உட்கார வைக்கிறது. சைக்கிள் அவரை ஊர் எல்லையைத் தாண்ட வைத்தது. ஓட்டக் கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார், பெல்லின் பையனைப் போலவே. ஆனால் யாரையும் விலக்குவதற்காக அல்ல. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் ஊர்க் கூலிக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது சிலைடு புரொஜெக்டர் வைத்திருந்தார் என்பதை நம் ஃப்ரெய்ரே ரசிகர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவருக்குக் கருவிமேல் பகை இல்லை. திரையில் விழுந்த படம் அந்தக் கூலிக்காரருடைய வாழ்க்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

அறிவொளியைப் புனிதமாக்க வேண்டியதில்லை. 'முழு எழுத்தறிவு மாவட்டம்' என்று அறிவிக்கும் அவசரம், அரசின் எண்ணிக்கைப் பசி, பிறகு வந்த சோர்வு எல்லாம் உண்டு. ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' அந்த அனுபவங்களை உள்ளிருந்தே பேசும் நூல். 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியிலும் லட்சக்கணக்கான பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு, தெருத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அது அறிவொளியின் தொடர்ச்சியா, பெல்லின் சட்டாம்பிள்ளையின் தொடர்ச்சியா? இரண்டும்தான் என்பேன். எது மேலோங்கியது என்பது அந்தந்தத் தெருவைப் பொறுத்தது.

6

ரெக்கார்டு நோட்டுக்காரியிடம் திரும்பலாம். போன பருவத்தில் அவளுக்கு ஒரு அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. ஏழாம் வகுப்பு, இழைகள் பற்றிய பாடம். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து வீடியோ போட வேண்டும் என்பது பாடக்குறிப்பு. சிக்னல் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், எங்க வீட்டுத் தறி ஓடுறத போன்ல எடுத்து அனுப்பட்டுமா?" என்றிருக்கிறான். சரி என்று சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அம்மா போனிலிருந்து மூன்று நிமிடப் படம் வந்தது. மறுநாள் வகுப்பில் போட்டாள். தறிச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. "இந்தச் சத்தத்துலதான் எங்கம்மா நாள் பூரா நிக்கிது. அதான் அதுக்குக் காது மந்தம்" என்று பையன் சொன்னானாம். பாடம் இழையிலிருந்து சத்தத்துக்குப் போனது, சத்தத்திலிருந்து காதுக்கு, காதிலிருந்து ஒரு மீட்டர் பேண்டேஜ் துணிக்கு என்ன கூலி என்பதற்கு. "அன்னைக்குத்தாண்ணே நான் டீச்சரு மாதிரி இருந்தேன்" என்றாள்.

ரெக்கார்டில் இதை எழுதினாயா என்று கேட்டேன். மதிப்பீட்டுத் தாளில் அதற்குக் கட்டம் இல்லையாம். 'துணைக்கருவி பயன்பாடு' என்ற கட்டத்தில் 'க்யூஆர் வீடியோ' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

தறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது குலக்கல்வியின் மறுவருகைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. குலக்கல்வி பையனை வகுப்பிலிருந்து தறிக்கு அனுப்பியது. இங்கே தறி வகுப்புக்கு வந்திருக்கிறது, விசாரணைக்காக. முன்னதில் தறி விதி. பின்னதில் தறி கேள்வி. அவன் கையில் இருந்த போன் வெறும் திரையாக இல்லாமல் கண்ணாகவும் காதாகவும் ஆனது. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருந்த அந்த ஒற்றைச் சொல், 'விமர்சனபூர்வமான', பாடத்திட்டக் குழுவும் கல்லூரியும் ஜெராக்ஸ் கடையும் தொலைத்த சொல், சிக்னல் இல்லாத ஒரு வகுப்பில் திரும்பக் கிடைத்தது.

தற்செயலை நம்பி ஒரு பயிற்சியை நடத்த முடியாது. கட்டங்களை மாற்றியாக வேண்டும். எந்தக் கருவியை எதற்காகப் பயன்படுத்தாமல் விட்டாய், ஏன் என்று எழுத ஒரு கட்டம். மாணவர் உண்டாக்கியது என்ன என்று ஒரு கட்டம். நீ சேகரித்த தகவல் யாரிடம் போகிறது என்று ஒரு கட்டம். மூன்று கட்டங்கள்தான். ஆனால் இவற்றை ஜெராக்ஸ் கடையில் முன்கூட்டியே அச்சடித்து வைப்பது கொஞ்சம் சிரமம்.

சிற்றிதழ்க்காரர்கள் கல்வியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அரசைத் திட்டுவோம், அல்லது ஃப்ரெய்ரேயை மேற்கோள் காட்டுவோம். இரண்டையும் நானும் செய்திருக்கிறேன், இந்தக் கட்டுரையிலும் கொஞ்சம். இந்தப் பெண் இன்னும் ஆறு மாதத்தில் பட்டம் வாங்குவாள். அரசு வேலை எப்போது வருமோ தெரியாது. அதுவரை ஏதாவது ஒரு தனியார் பள்ளியில், அப்பாவின் தறிக் கூலியைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, திரையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிற வேலைக்குப் போவாள். நிற்கப்போவது திரையின் பக்கத்திலா, பிள்ளையின் பக்கத்திலா என்பதை அவள் தனியாக முடிவு செய்யும்படி விட்டுவிட்டு நாம் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்?